அவளுக்குத்தான் அது தெரியுமே

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு தையல் கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அங்கே தொலைக்காட்சி அணைவதே இல்லை. அலமாரிக்கு மேல் இருக்கிற பெட்டியில் இரவு நாடகம் ஓடும். கீழே நாலு பேர் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டும் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். அன்றைக்குத் திரையில் கூடத்துக் காட்சி. குடும்பமே கூடி நிற்கிறது. வீட்டுப் பத்திரம் அடகில் கிடக்கும் சங்கதி எல்லார் முன்னாலும் உடைகிறது. மூன்று தரம் இடி இடிக்க, கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது. இரண்டாவது மருமகளின் முகம் வந்தபோது அவளும் வாயைப் பொத்திக்கொண்டு அதிர்ந்தாள். கீழே கொக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. ஹீவூட் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர் அவர்.

"என்னக்கா இது? அவளுக்குத்தான் அது தெரியுமே. அன்னிக்கு பீரோவைத் தொறந்து கையில எடுத்துப் பார்த்தாளே."

"நாடகம்லா, விடு," என்றார் மிஷினில் உட்கார்ந்திருந்த அக்கா.

"நாடகமா இருந்தா என்ன? பார்த்தவ பார்த்தவதானே."

எந்தத் தொடர் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. நீண்ட தொடர்களைப் பார்த்துப் பழகிய யாருக்கும் இந்த மாதிரி ஒரு காட்சி உடனே நினைவுக்கு வரும். அந்த இரண்டாவது மருமகள் பீரோவைத் திறந்த பகுதி வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அறுபது பகுதிக்கு மேல். அந்த அறுபது பகுதியிலும் அவள் இருந்தாள். காப்பி கொடுத்தாள், கதவோரம் நின்றாள், கண் கலங்கினாள். பத்திரத்தைப் பார்த்த அந்த ஒரு நிமிடம் மட்டும் அவளிடமிருந்து கழன்று போயிருந்தது.

தொடர்களில் பாத்திரங்கள் சமமாக வளர்வதில்லை என்பது பழைய குறை. நாயகி ஊமையாக வந்து வழக்கறிஞர் மாதிரி வாதாடும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறாள், மற்ற மூன்று பேர் முதல் வாரத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள் என்று பலரும் எழுதிவிட்டார்கள். அந்தக் குறையை நானும் வெகுநாள் அப்படியேதான் ஏற்றுக்கொண்டிருந்தேன். தையல் கடைக் கேள்வி அதை அசைத்துவிட்டது. அந்த அம்மா "இவள் ஏன் வளரவில்லை?" என்று கேட்கவில்லை. வளராத மனிதர்கள் அவருக்குப் பழக்கம்தான். அவர் கேட்டது வேறு: தெரிந்த ஒன்று எப்படித் தெரியாமல் போனது? இந்த இரண்டும் வேறு வேறு குறைகள். முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஒரு பாத்திரத்தை உயிரோடு இருக்கும்போதே கதையிலிருந்து எடுத்துவிடுகிறது.

வருஷத்துக்கு நூறு மணி நேரம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 312 பகுதி. அரை மணி நேர இடத்தில் விளம்பரம், தலைப்புப் பாட்டு, முன்கதை, நாளைய முன்னோட்டம் எல்லாம் போகக் கதைக்கு 20 நிமிடம் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால்கூட 6,240 நிமிடம். 104 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படமாகப் பார்த்தால் நாற்பது படத்துக்கு மேல். ஒரே குடும்பத்தை, ஒரே கூடத்தில் வைத்து, வருஷத்துக்கு நாற்பது படம் எடுக்க வேண்டும். 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. 1,500 பகுதிகளைத் தாண்டியது. 2004 சனவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளை, அந்தத் தொடர் முடிவதற்குள் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் சோதனையை எழுதி முடித்திருக்கும். பார்க்கிற வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்து நிற்கிறது. திரையில் இருக்கிற சின்ன மருமகள் இன்னும் அதே கதவோரத்தில் நின்றால் கண்ணில் படாமல் போகுமா?

இவ்வளவு நீளத்தில் எல்லாரையும் ஒரே அளவில் வளர்க்க முடியாது. வளர்க்கவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் முப்பது வருஷம் மாறாமல் இருப்பது உண்மைக்கு மாறானதல்ல. சில பாத்திரங்கள் தூண். மற்றவர்கள் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்பதை அவர்களை வைத்துத்தான் அளக்கிறோம். மாறாத மாமியார் ஒருத்தி இருந்தால்தான் மாறிய மருமகள் தெரிவாள். ஆகவே, ஒரு பாத்திரம் நிற்கிறது என்பதற்காகவே எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. நிற்கிற பாத்திரம், தான் கண்டதையும் கேட்டதையும் சுமந்துகொண்டு நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'மெட்டி ஒலி'யை இன்றைக்கும் மக்கள் பேசுவதற்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது. 2002 முதல் 2005 வரை 800 பகுதிக்கு மேல் ஓடிய தொடர் அது. சிதம்பரம் என்ற தகப்பன், ஐந்து மகள்கள். மகள்கள் கல்யாணமாகி வேறு வேறு வீட்டுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனி மாமியார், தனிப் பணக் கஷ்டம். கேமரா ஒரு வீட்டில் இரண்டு வாரம் இருந்தால் மற்ற மகள்கள் திரையில் இல்லை. ஆனால் அவர்கள் தங்கள் வீட்டில் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவர் மனசு தானாக நம்பிவிடும். திரையில் இல்லாத பாத்திரம் மறப்பதில்லை. இப்போதைய ஒரு வீட்டுத் தொடர்களில் அந்த வசதி போய்விட்டது. நாலு மருமகளும் ஒரே கூடத்தில் இருப்பதால் எல்லாருமே எல்லாப் பகுதியிலும் கண்ணில் படுகிறார்கள். பேசாமல் நிற்பவள் பேசாமல் நிற்பதாகவே தெரிகிறாள். ஒருத்தியை ஒரு மாதம் ஓய்வாக விட்டுவைக்க மறைவான இடமே இல்லை. வீட்டின் அமைப்பே பாத்திரங்களின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் என்பது எழுதுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய சங்கதி. தொடர் தொடங்கும்போதே ஒவ்வொரு துணைப் பாத்திரத்துக்கும் கூடத்துக்கு வெளியே ஓர் இடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு கடை, ஒரு தாய்வீடு, ஒரு வேலையிடம், ஏதாவது ஒன்று.

பெரட்டும் கால்ஷீட்டும்

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். தொடர் படப்பிடிப்பிலும் ஏறக்குறைய அதே கதைதான். துணை நடிகர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் நாள் கணக்கு. நாயகி மாதத்துக்குப் பதினைந்து, இருபது நாள் வருவார். மூன்றாவது மருமகளாக நடிப்பவர் ஏழெட்டு நாள்தான் வருவார், மீதி நாளில் வேறொரு தொடரில் இருப்பார். அவருடைய அந்த ஏழெட்டு நாளும், எல்லாரும் வந்தாக வேண்டிய கூடத்துக் காட்சிகளுக்கே செலவாகிவிடும். பண்டிகை, பஞ்சாயத்து, சொத்துப் பேச்சு, யாராவது மயங்கி விழுவது, எல்லாம் கூடத்தில். பத்துப் பேர் நிற்கும் காட்சியில் மூன்று பேர் பேசுவார்கள். மற்ற ஏழு பேருக்கும் முகபாவம் மட்டும். ஆக அவருடைய மாதம் முழுவதும் அதிர்ச்சி, கவலை, கோபம் என்று மூன்று முகங்களில் கழிந்துவிடுகிறது. முடிவெடுக்கிற காட்சி அவருக்கு எழுதப்படவே இல்லை. எழுத வேண்டுமானால் அவர் இன்னொரு நாள் வரவேண்டும். அதற்குத் தனியாகப் பணம் வேண்டும்.

அதோடு, காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. கூடத்துக் காட்சிகளை எல்லாம் சேர்த்து ஒரு மூச்சில், அடுத்துச் சமையலறை, அடுத்து மாடிப்படி. காலையில் 215ஆவது பகுதிக்கு அழுத நடிகை, பகலில் 209ஆவது பகுதிக்குச் சிரிக்க வேண்டும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரிந்திருக்கும் தொடரில், வசனம் எழுதுகிறவர் கைக்கு வருவது அன்றைய காட்சிகளின் சுருக்கம்தான். "குடும்பமே அதிர்கிறது" என்று அதில் ஒரு வரி இருந்தால் அவர் குடும்பத்தில் இருக்கிற எல்லாரையும் அதிர வைத்துவிடுவார். பீரோவைத் திறந்த காட்சி இரண்டரை மாதத்துக்கு முன்னால் இன்னொருவர் எழுதியது. தமிழ் தெரியாத நடிகையாக இருந்தால் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லித் தர, அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார். குரல் பிறகு வேறொருவர் கொடுப்பார். இந்தப் பெண்ணுக்கு இது முன்பே தெரியுமே என்று படப்பிடிப்பிலேயே நிறுத்திக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பாத்திரத்தில் வாழ்கிற நடிகைதான். அந்த வாயும் அங்கே அடைத்துப் போகிறது.

கண்டினியூட்டி பார்ப்பதற்கு ஆள் உண்டு. எந்தப் புடவை, எந்தக் கையில் கட்டு, பொட்டு எவ்வளவு பெரிது, மேசையில் தம்ளர் எந்தப் பக்கம் இருந்தது என்பதையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். கட்டு இடது கையிலிருந்து வலது கைக்கு மாறினால் அன்றைக்கே திட்டு விழும். எந்த உண்மை யாருக்கு எப்போது தெரிந்தது என்பதை அதே கவனத்தோடு எழுதி வைக்கும் பழக்கம் அபூர்வம். புடவை மாறினால் மீண்டும் படம் எடுக்கிறார்கள். ஞாபகம் மாறினால் அப்படியே ஒளிபரப்புகிறார்கள்.

அடுத்து வியாழக்கிழமை. 2015-லிருந்து வியாழன்தோறும் வெளியாகும் பார்க் (BARC) அமைப்பின் வாராந்தரப் பார்வையாளர் கணக்கை வைத்துத்தான் இந்தியத் தொடர்களின் தலைவிதி எழுதப்படுகிறது. எண் இறங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் கிளைக்கதையை அவசரமாக முடித்துவிட்டு வேறொன்றுக்குத் தாவுவார்கள். மூன்றாவது மருமகள் பாதியில் விட்ட படிப்பைத் தொடரப் பணம் கட்டியிருப்பாள், புத்தகம் வாங்கியிருப்பாள், மாமனாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாள். எண் இறங்கிய வாரத்திலிருந்து அந்தப் புத்தகம் கண்ணில் படாது. அவள் சோதனை எழுதினாளா, விட்டுவிட்டாளா, ஏன் விட்டாள், ஒன்றும் தெரியாது. அந்த வாராந்தரக் கணக்கில் வருவது இந்திய வீடுகள் மட்டும்தான். பேராக் மாநிலத்து வீடு ஒன்றுகூட அதில் இல்லை. சுங்கை சிப்புட்டில் இருப்பவர் ஒரு கிளைக்கதையை எவ்வளவு ஆசையாகப் பார்த்தாலும் அது சென்னைக்குக் கேட்காது. 1996-இல் அஸ்ட்ரோ வந்த பிறகு இங்கே வீட்டுக்கு வீடு இந்தத் தொடர்கள் நுழைந்தன. மாதக் கட்டணம் கட்டித்தான் பார்க்கிறோம். இங்கே பார்ப்பவர்கள் கணக்கில் வராதவர்கள்தான், ஆனால் ஞாபகத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

நாலு மருமகள்கள், நாலு தொடக்கங்கள்

'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 சூனில் முடிந்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்ப வந்தது. பாத்திர வளர்ச்சி எப்படி ஏறுமாறாக அமைகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆதி குணசேகரன் வீட்டில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நாலு மருமகள்கள். கதைப்படி நாயகி ஜனனி. ஆனால் அவள் அந்த வீட்டுக்குள் வரும்போதே எதிர்த்துக் கேட்கத் தெரிந்தவளாக வருகிறாள். அவளுக்கு நடக்க வேண்டிய தூரம் குறைவு. மூத்தவள் ஈஸ்வரியோ வாய் திறக்காதவளாகத் தொடங்குகிறாள். அதனால் அவள் பேசிய முதல் எதிர்ப்பு வார்த்தை, ஜனனி பேசிய நூறு வசனத்தைவிடக் கனமாக விழுந்தது. பார்வையாளர்கள் ஈஸ்வரியையும் நந்தினியையும் கொண்டாடியது நாயகியைச் சரியாக எழுதாததால் என்று பலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. தொடங்கிய இடம்தான் காரணம். பள்ளத்தில் தொடங்கிய பாத்திரம் ஒரு படி ஏறினாலும் தெரியும். மேட்டில் தொடங்கிய பாத்திரத்துக்கு இறக்கமோ சறுக்கலோ எழுதினால்தான் அசைவே தெரியும். நாயகிக்குச் சறுக்கல் எழுதத் தயங்குவது நம் தொடர்களின் நிரந்தர வியாதி. அவள் தப்பே செய்யாதவளாக இருப்பதால் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லாமல் போகிறது.

நந்தினியிடம் வேறொன்று நடந்தது. அவளுக்கு வளர்ச்சி பெரிய பெரிய நிகழ்ச்சியாக வரவில்லை; பேச்சில் வந்தது. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிற வாய், முதலில் அடுக்களைக்குள் மட்டும் ஒலித்து, பிறகு கூடத்துக்கு வந்தது. எந்த அறையில் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள் என்பதே அவளுடைய ஏணி. இதற்குத் தனிக் கால்ஷீட் தேவையில்லை. எப்படியும் வரவேண்டிய கூடத்துக் காட்சியிலேயே ஒரு வரி போதும். ரேணுகாவுக்கு அப்படி ஒரு தனி ஏணி அமையவில்லை என்பது என் கணிப்பு. அவள் பல காட்சிகளில் நந்தினிக்குப் பின்பாட்டாகவே நின்றாள். இரண்டு பாத்திரங்கள் ஒரே கருத்தை ஒரே தொனியில் சொன்னால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். ஓரகத்திகள் இருவரும் எப்போதும் ஒரே அணியில் இருப்பது பார்க்க இதமாக இருக்கும். பாத்திரமாக இருவரில் ஒருவர் கரைந்துபோவார்.

இதற்குள் யாரும் எதிர்பாராத ஓர் இழப்பு நேர்ந்தது. குணசேகரனாக வாழ்ந்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து காலமானார். சில வாரங்கள் அவர் பாத்திரம் திரையில் இல்லாமலே கதை நகர்ந்தது. பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். நல்ல நடிகர், தனக்கே உரிய கம்பீரம் உள்ளவர். ஆனால் மாரிமுத்துவின் குணசேகரனிடம் கொடுமைக்கு நடுவே ஒரு கிண்டல் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு பெண்களும் அந்தக் கிண்டலுக்குப் பதில் சொல்லித்தான் வளர்ந்திருந்தார்கள். சுவர் மாறியதும் அதில் மோதி மோதி வலுப்பெற்றவர்களின் பலம் பழைய அளவில் தெரியவில்லை. அவர்கள் எழுத்தில் குறைந்துவிட்டார்கள் என்று அப்போது பலர் சொன்னது முழுக்கச் சரியல்ல. பாத்திரம் ஒருவரிடம் மட்டும் இருக்கும் சரக்கு அல்ல. இருவருக்கு நடுவே இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தால் மறுபக்கத்தையும் திரும்ப எழுதியாக வேண்டும். அந்த அவகாசம் தினசரித் தொடருக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆள் மாறியதை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு ஜனனியாக நடித்தவர் மாறியபோதும் ஏற்றுக்கொண்டார்கள். "இவருக்குப் பதில் இவர்" என்ற அட்டைக்குத் தமிழ்ப் பார்வையாளர் பழகியவர். புது முகம் பழைய ஞாபகத்தோடு வந்தால் பத்துப் பகுதியில் ஒட்டிக்கொள்ளும். பழைய முகம் ஞாபகத்தைத் தொலைத்துவிட்டு வந்தால் நூறு பகுதி போனாலும் ஒட்டாது. தையல் கடை அம்மா நடிகை மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார்.

555 புத்தகம்

மளிகைக்கடையில் கடன் எழுத வைத்திருக்கும் 555 புத்தகம் இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. உள்ளங்கை அளவு, சட்டைப் பையில் அடங்கும். ஒரு தொடரை நிஜமாகவே எடைபோட விரும்புகிறவர்கள் அதில் ஒன்றை வாங்கி நாலு வாரத்துக்கு, அதாவது 24 பகுதிக்கு, கணக்கு எழுதிப் பார்க்கலாம். பாத்திரத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தை நாலு கட்டமாகப் பிரிக்க வேண்டும். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் அவளுக்கு என்ன தெரிந்தது. மூன்றாவதில் எப்படித் தெரிந்தது: கண்ணால் பார்த்தாளா, காதில் விழுந்ததா, தானாக ஊகித்தாளா. கடைசிக் கட்டத்தில் தெரிந்த பிறகு என்ன செய்தாள். மூன்றாவது கட்டத்தைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் கோளாறு பிடிபடும். ஊகித்தவள் பிறகு அதிரலாம், சந்தேகம் உறுதியானதற்காக. காதில் விழுந்தவள் பாதி அதிரலாம். கண்ணால் பார்த்தவள் அதிர்ந்தால் அது எழுத்துப் பிழை.

கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தால் அது கடன். கடன் இருப்பது தப்பில்லை. நல்ல கதைக்குக் கடன்தான் உயிர். அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருப்பது ஒரு சுகம். ஆனால் இருபத்து நாலு பகுதிக்குள் அந்தக் கடனை ஒரு தடவையாவது, ஒரு பார்வையிலாவது, கதை நினைவுபடுத்தியிருக்க வேண்டும். நினைவுபடுத்தாவிட்டால் எழுதியவர் மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு. ஒவ்வொரு காட்சியிலும் அந்தப் பாத்திரம் முகம் மட்டும் காட்டியதா, பேசியதா, முடிவெடுத்ததா என்று மூன்று கோடாகப் போட வேண்டும். உதாரணத்துக்கு, பகுதிக்கு ஐந்து காட்சி என்றால் 24 பகுதியில் 120 காட்சி. அதில் மூன்றாவது மருமகள் நாற்பது காட்சியில் இருந்து, முப்பத்தொன்றில் முகம், எட்டில் பேச்சு, ஒன்றே ஒன்றில் முடிவு என்று வந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு முடிவு அடுத்த மாதத்தில் ஏதாவது ஒன்றை மாற்றியிருந்தால் போதும். முடிவுக் கோடு பூஜ்யமாக இருக்கிறவள் எத்தனை காட்சியில் வந்தாலும் வளரமாட்டாள். காட்சி எண்ணிக்கையைக் கூட்டினால் பாத்திரம் வளரும் என்று நினைப்பது இந்த இடத்தில் உடைந்துபோகிறது. திரையில் அதிக நேரம் இருந்தும் ஒன்றும் ஆகாத பாத்திரங்கள் எத்தனை!

வில்லிகளின் பக்கத்தை எழுதினால் வேறொரு கோளாறு தெரியும். மருத்துவமனைக் கட்டிலில் ஒரே காட்சியில் திருந்துவார்கள். மூன்று வாரத்தில் பழையபடி. எதையும் இழக்காமல் கேட்கிற மன்னிப்பு அப்படித்தான் ஆகும். சாவிக்கொத்தையோ, கையெழுத்து உரிமையையோ, மகனுக்குப் பக்கத்தில் உட்காரும் இடத்தையோ விட்டுக்கொடுத்துவிட்டுத் திருந்தினால் திரும்பி வருவது கஷ்டம். திரும்பி வரத் தோதாகத்தான் எதையும் இழக்க விடுவதில்லை.

தெரிந்தும் தெரியாத மாதிரி

இரண்டாவது மருமகளிடம் திரும்பி வரலாம். அவள் பத்திரத்தைப் பார்த்துவிட்டாள், வெளியே சொல்லவில்லை. கூடத்தில் உண்மை உடைகிறது. இப்போது எழுதுகிறவருக்கு என்ன வழி? அவள் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அவள் அதிராமல் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தால் என்ன தட்டு என்றுகூடச் சொல்லிவிடலாம். அடுத்த வீட்டுச் சண்டை, கடன், கர்ப்பம் எல்லாம் காதுக்கு வந்துவிடும். காலையில் பெரட்டில் அதே பெண்ணைப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாத மாதிரி "என்ன அக்கா, கண்ணு சிவந்திருக்கு, தூக்கமில்லையா?" என்று கேட்பார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது அங்கே மானத்தைக் காக்கிற பழக்கம். அப்படி வாழ்ந்த ஒருவருக்கு ஒரு பெண் தெரிந்ததை மறைக்கிறாளா, மறந்துவிட்டாளா என்பது நொடியில் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தக் கொக்கி நின்றது.

அந்தக் காட்சியைக் காப்பாற்ற நாற்பது நொடி போதும். கூடத்தில் எல்லாரும் அதிரும்போது அவளும் வாயைப் பொத்தட்டும். ஆனால் பொத்துவதற்கு அரை நொடி முன்னால் அவள் கண் பீரோ இருக்கும் அறைப் பக்கம் போகட்டும். அந்த ஒரு பார்வையோடு அவள் அதிர்ச்சி நடிப்பாக மாறிவிடுகிறது, அவளும் வேறு ஆளாகிவிடுகிறாள். அன்றைக்கே, அதே புடவையில், அதே நடிகையை வைத்துச் சமையலறையில் ஒரு சிறு காட்சி எடுத்துவிடலாம். கூடத்துக் காட்சி எடுக்க வந்த அதே நாள்தான், கூடுதல் கால்ஷீட் இல்லை. அவள் அரிசி களைகிறாள். மாமியார் வந்து, "உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?" என்கிறாள். கை நிற்கவில்லை. "எனக்கு என்னங்க அத்தை தெரியும், நான் அடுப்படியில கெடக்கிறவ." தண்ணீரைக் கொட்டுகிறாள், ஒரு பிடி அரிசி சேர்ந்து போய்விடுகிறது. அவ்வளவுதான். படப்பிடிப்பில் இதற்கும் நேரம் இல்லை என்றால் டப்பிங்கிலாவது செய்யலாம். அவள் முதுகு காட்டி நிற்கும் ஒரு ஷாட்டைப் பார்த்து, அதன்மேல் ஒரு வரி முணுமுணுப்பு ஏற்றிவிடலாம். வாயசைவு தெரியாததால் எந்த வரியும் உட்காரும். ஒற்றை ஆள் தொலைபேசியில் பேசும் காட்சியும் மலிவுதான்; மறுமுனையில் அவள் தங்கை, தங்கையாக நடிக்க ஆள் வேண்டியதில்லை.

இங்கே உள்ளூரில் நாடகம் எழுதுகிற இளையவர்களுக்கு இது இன்னும் சுலபம். நம் மலேசியத் தொடர்கள் பெரும்பாலும் இருபது, முப்பது பகுதிகளில் முடிந்துவிடுகின்றன. முடிவு முன்பே தெரியும். ஆகவே பின்னாலிருந்து எழுதலாம். கடைசிப் பகுதியில் துணைப் பாத்திரம் என்ன செய்யப் போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் செய்ய அவளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அது எந்தப் பகுதியில் தெரிந்தது, இடையில் அதை எங்கே மறைத்தாள் என்று பின்னோக்கி மூன்று புள்ளி வைத்தால் போதும். மூன்று புள்ளிக்குக் குறைந்தால் கடைசிச் செயல் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும். அதிகமானால் நாயகியின் நேரத்தைத் தின்றுவிடும். மறைக்கிற புள்ளிதான் மூன்றில் முக்கியம். அதைத்தான் எல்லாரும் நேரமில்லை என்று முதலில் வெட்டுகிறார்கள்.

தையல் கடையில் அன்றைய பகுதி முடிந்து, "தொடரும்" விழுந்து, நாளைய முன்னோட்டம் ஓடியது. அதில் இரண்டாவது மருமகள் மாமியாரின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். கொக்கி வைத்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ரவிக்கையை மடித்து, இழுத்து, கொக்கி ஐந்தும் நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"நாளைக்கு அவ பீரோ பக்கம் போறாளான்னு பாருங்கக்கா," என்றார். "போனா இன்னும் ஞாபகம் இருக்குன்னு அர்த்தம்."